நுவரெலியாவுக்கு டிக்கெட் போட்டாச்சு, கீரிப்பாறைக்கு வழி தெரியுமா?

'மிஷன் ட்ரிப்' என்ற சொல் இப்போது மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. முன்பு வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து போவார்கள். இப்போது நாம் போகிறோம். இலங்கை, நேபாளம், மலேசியா, கொஞ்சம் வசதியான சபை என்றால் கென்யா. பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது ஒரே நிற டி-ஷர்ட்டில் ஒரு குழுப்படம். திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி, பின்னால் திரையில் கறுத்து மெலிந்த பிள்ளைகளின் படங்கள்.

இந்தப் பயணங்களுக்கு நம் தெருப் பிள்ளைகளையும் கூப்பிடுகிறார்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள், பாடத் தெரிந்தவர்கள், பறை அடிக்கத் தெரிந்தவர்கள். "போகலாமா அண்ணா?" என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். எங்கள் பதில் இதுதான்: பயணத்தைப் பார்க்காதீர்கள், தயாரிப்பைப் பாருங்கள். அந்தத் தயாரிப்பில் சாதியைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை என்றால் அது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை. அதற்குக் காணிக்கைத் தட்டு ஏந்துவதும், ஏழைகளின் பெயரைச் சொல்லி ஏந்துவதும்தான் தப்பு.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். மதமாற்றம் மதமாற்றம் என்று கூச்சல் போடுகிற கூட்டத்தோடு எங்களுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1982இல் மண்டைக்காட்டில் என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2002இல் ஜெயலலிதா கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் நம் மூத்த தோழர்கள். ஒரு மனிதன் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்று அரசோ சங்பரிவாரமோ சொல்ல முடியாது. எங்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். உள்ளே இருந்துதான் பேசுகிறோம்.

இனி ஒரு சபையின் கதை. பெயர் வேண்டாம், பெயர் போட்டால் எங்களிடம் பேசிய தம்பிக்குத்தான் தொல்லை. பதினான்கு பேர் கொண்ட குழு நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறது. பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்., பெண்களுக்கு ஜெபக்கூட்டம், ஒருநாள் மருத்துவ முகாம். தயாரிப்பு மூன்று சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை பாஸ்போர்ட், விசா, பெட்டியின் எடை. இரண்டாம் சனிக்கிழமை பாட்டு, குறுநாடகம், கைசைகையோடு பாடும் பிள்ளைகள் பாட்டு. மூன்றாவது வாரம் மூன்று நிமிடத்தில் சாட்சி சொல்வது எப்படி என்ற பயிற்சி, பிறகு உபவாச ஜெபம். முடிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை நம் தம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். "அங்க தோட்டத்துல இருக்கியவிய யாரு? ஏன் அங்க போனாவ?" குழுத் தலைவர் சொன்ன பதில்: "அதெல்லாம் அரசியல் தம்பி. நாம ஊழியத்துக்குப் போறோம்."

ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 45,000 ரூபாய். தம்பியின் அப்பா ரப்பர் வெட்டுகிறவர், மழைக்காலம் முழுக்க வேலை இல்லை. சபை உதவுமா என்று கேட்டபோது, இது விசுவாசப் பயணம், தேவன் யாரை அழைக்கிறாரோ அவர்களுக்கு வழியையும் திறப்பார் என்றார்கள். கவனியுங்கள், என்ன அழகான இறையியல்! பணம் இருக்கிறவனைத் தேவன் அழைத்திருக்கிறார். பணம் இல்லாதவனை அழைக்கவில்லை. பட்டியலிலிருந்து அவன் பெயரை யாரும் அடிக்கவில்லை, தேவனே அடித்துவிட்டார்.

இதோடு விட்டிருந்தாலும் நாங்கள் எழுதியிருக்க மாட்டோம். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு குழுவிலிருந்து ஒருவர் அவன் வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினார். அந்தப் பறையை மட்டும் தர முடியுமா, தமிழ்க் கலாச்சார நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது, பத்து நாளில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம் என்று கேட்டார். ஆள் வேண்டாம், பறை வேண்டும். அந்தப் பதினான்கு பேரில் பறையைத் தீயில் காய்ச்சி எடுக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அது வேறு கதை.

தம்பி கொடுக்கவில்லை. நல்லது.

இந்த மாவட்டத்து சபைகளுக்கு மிஷன் என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்ல முடியாது. இவர்களின் பிறப்பே மிஷன்தான். ஆனால் அந்தக் கதையை ஆண்டு விழாவில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? இருளில் கிடந்த ஊருக்கு வெள்ளைக்காரர் வெளிச்சம் கொண்டுவந்தார் என்பார்கள். நடந்தது வேறு. மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர். சாம்பவர் சமூகம். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், ஊரும் அரசும் பறையர் என்று ஒதுக்கிவைத்த சமூகம். சாமியைத் தேடிச் சிதம்பரம்வரை நடந்து போனவர். தில்லையில் அவருக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நந்தனுக்கு என்ன திறந்தது? பிறகு தஞ்சாவூர் போய் கோலாப் ஐயரைச் சந்தித்தார், ஞானஸ்நானம் வாங்கினார், வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பி வந்து தன் சனத்துக்குச் சொன்னார். அடி வாங்கினார். பிறகுதான், எங்கள் ஊருக்கு ஒரு மிஷனெரி வேண்டும் என்று அவரே கேட்டார்.

அந்த அழைப்பில்தான் லண்டன் மிஷனெரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். மூன்று சனிக்கிழமைத் தயாரிப்போடு வரவில்லை. 1804இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே உட்கார்ந்து தமிழ் படித்த பிறகே தெற்கே வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழும்பியது. 1816இல் உடம்பு தளர்ந்து கிளம்பியபோது சபைகளை யார் கையில் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்தின் கையில். அடுத்த வெள்ளைக்காரர் வந்து சேரும்வரை தென் திருவிதாங்கூர் சபைகளை நடத்தியவர் ஒரு தலித்.

அழைத்தவர் ஒடுக்கப்பட்டவர். வந்தவர் மொழி படித்துவிட்டு வந்தார். பத்து வருடம் இருந்தார். போகும்போது பொறுப்பை அந்த மண்ணின் மனிதரிடம் விட்டுப் போனார். ரிங்கல்தௌபேயைப் புனிதராக்க நாங்கள் வரவில்லை. தன்னிடம் வந்த ஏழைகளைப் பற்றி அவருக்கே ஆயிரம் சந்தேகம் இருந்தது. வேதமாணிக்கம் ஞானஸ்நானம் பெற்ற அதே தஞ்சாவூர் சபையில் வெள்ளாளக் கிறித்தவருக்கு ஒரு பக்கம், பறையர் கிறித்தவருக்கு ஒரு பக்கம் என்று இருக்கை பிரித்திருந்ததும் வரலாறு. 1833இல் பேராயர் வில்சன் அதைக் கைவிடச் சொன்னபோது கோபித்துக்கொண்டு வெளியே போனவர்கள் யார் என்றும் படித்துப் பாருங்கள்.

நெய்யூர் மீட் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வைத்தார், அச்சகம் வைத்தார், எல்லாம் விழா மலரில் இருக்கும். 1850களின் தொடக்கத்தில் பறையர் சமூக உபதேசியார் ஒருவருடைய மகளை அவர் மணந்தார். சக மிஷனெரிகள் பொறுக்கவில்லை. முப்பது வருடத்துக்கும் மேல் உழைத்த மிஷனை விட்டு அவர் வெளியேற வேண்டிவந்தது. விழா மலரில் இந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். தலித்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கலாம். சம்பந்தம் மட்டும் கூடாது. 170 வருடம் ஆகிவிட்டது. உங்கள் சபைத் திருமண அழைப்பிதழ்களை எடுத்து வைத்து எண்ணுங்கள். சேகரக் கமிட்டியில் யார், பள்ளித் தாளாளர் யார், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று எண்ணுங்கள். நாங்கள் சொல்லும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம், நீங்களே எண்ணுங்கள். தோள்சீலைக்காக 1859வரை தெருவில் அடிபட்டவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளே இன்று எங்கள் தெருவைக் 'காலனி' என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்கிறார்கள். எல்லோரும் அல்ல. எங்களோடு நிற்கிற நாடார் தோழர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு முதலில் வெட்கப்படுகிறவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சரி, நுவரெலியாவுக்கு வருவோம். தம்பி கேட்ட கேள்விக்கு அந்தக் குழுத் தலைவர் சொல்ல மறுத்த பதிலை நாம் சொல்லிவிடலாம்.

அங்கே இருப்பவர்கள் நம் சனம். உருவகமாகச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காபிக்கும் பிறகு தேயிலைக்கும் இங்கிருந்து கூட்டிப்போன மக்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்தியதால் கடல் தாண்டியவர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். அவர்களைக் கூட்டிப்போய் மேய்த்த கங்காணிகளில் பலர் மேல்சாதி. ஊர் மாறியது, அடுக்கு மாறவில்லை. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் ஒரு குடும்பம். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது; அடுத்து வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையே அவர்களைப் பங்கு போட்டார்கள்: ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம். ஆட்டுச்சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்காக வருடக்கணக்காகப் போராடி 2021இல்தான் அது அரசாணையாக வந்தது. அதுவும் இலங்கை ரூபாய். 2023இல், வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தங்கள் முன்னோர் நடந்த பாதையிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கேட்டது என்ன? வீடு, காணி, நியாயமான கூலி, மற்ற குடிமக்களோடு சமமான மரியாதை. பிள்ளைகளுக்குக் கைசைகைப் பாட்டு வேண்டும் என்று யாரும் கேட்டதாக நாங்கள் படிக்கவில்லை.

அந்த மலைகளுக்கு இங்கிருந்து ஊழியம் போவதும் புதிதல்ல. 1854இல் அங்கே ஒரு மிஷன் தொடங்கியது. அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. பெயரை வைத்தவர்களுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து உபதேசியார்கள் போனார்கள். தோட்டத்துரைமாரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். துரையின் பணத்தில் சம்பளம் வாங்கும் உபதேசியார் பிரட்டுக்களத்தில் நின்று எந்த வேதபாகத்தை வாசிப்பார்? எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்வதையா, அடிமைகள் எகிப்திலிருந்து புறப்பட்டதையா? அந்த உபதேசியார்களில் நல்லவர்கள் இருந்திருப்பார்கள், பள்ளிக்கூடம் வைத்து நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் இன்று போகிற குழுவை யார் அழைக்கிறார், தோட்டத்துக்குள் நுழைய யார் அனுமதி கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு நுழைகிறவர்கள் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியுமா?

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது.

மலையகத் தமிழரைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. குலசேகரம் தாண்டி சிற்றாறு, மணலோடை, கோதையாறு பக்கம் போங்கள். இல்லை, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போங்கள். சாஸ்திரி கையெழுத்துப் போட்டாரே, அந்தக் கணக்கில் 'தாயகம் திரும்பியவர்கள்' என்ற பெயரோடு கப்பலேறி மண்டபத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. நீலகிரியில் தேயிலை, இங்கே ரப்பர். 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே கொழுந்து பறித்த கை இங்கே ரப்பர் வெட்டியது. வீடு கழகத்துக்குச் சொந்தம். ஊதிய உயர்வுக்காகத் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். அந்த வேலைநிறுத்தப் பந்தலில் மார்த்தாண்டத்துச் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கியம் ஒரு பாய் விரித்து உட்கார்ந்ததா? ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சியதா?

அது தூரம் என்றால் கோழிவிளை, ஞாறான்விளை இருக்கிறதே. டவுன் பஸ்ஸில் போகலாம். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர் அங்கே முகாம்களில் இருக்கிறார்கள். அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. குடியுரிமை மட்டும் மாறவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கிய பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இல்லை. நம் குழுவின் முதல் சனிக்கிழமை வகுப்பே பாஸ்போர்ட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் நுவரெலியாவில் இருக்கப்போகிறவர்கள் ஒரு ஞாயிறுகூட இந்த இடங்களுக்குப் போனதில்லை. ஏன்? கீரிப்பாறையில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் 'ஆமென்' போட மாட்டார்கள். அது மட்டும் காரணம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஏழைக்கு நம் கண்ணில் சாதி இல்லை, வெறும் ஏழை. அவனைக் கட்டிப்பிடிக்கலாம், அவன் வீட்டுத் தேநீரைக் குடிக்கலாம். பக்கத்துத் தெருவில் இருக்கிற ஏழைக்குச் சாதி உண்டு. அவன் நாளைக்குச் சேகரத் தேர்தலில் நிற்பான், பள்ளியில் வாத்தியார் வேலை கேட்பான், பெண் கேட்டும் வருவான். பத்து நாளில் விமானம் ஏறிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வேதம் தெரிந்தவர்களுக்கு வேதத்திலிருந்தே சொல்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் ஒரு வரிசை இருக்கிறது. எருசலேம், பிறகு யூதேயா, பிறகு சமாரியா, அதற்குப் பிறகே பூமியின் கடைசி எல்லை. சமாரியர் யார்? ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாதவர்கள். அந்தக் கிணற்றடிக் கதையில் சீடர்கள் ஊருக்குள் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டது அப்படிப்பட்ட ஒருத்தியிடம். நம் குழுக்கள் எருசலேமிலிருந்து நேரே விமானம் ஏறுகின்றன. சமாரியா ஜன்னலுக்குக் கீழே சின்னதாகத் தெரியும்.

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. அமெரிக்காவில் வருடத்துக்குப் பதினாறு லட்சம் சபையார் இப்படிக் குறுகிய காலப் பயணம் போகிறார்கள் என்று ராபர்ட் வத்னோ என்ற சமூகவியலாளர் கணக்கிட்டிருக்கிறார். 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் பறந்து போய்ச் செங்கல் தூக்கி வீடு கட்டிக் கொடுத்தன. குர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் பிறகு போய்க் கணக்குப் பார்த்தார். பயணச் செலவையும் சேர்த்தால் அந்தக் குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்கு 30,000 டாலர். அதே வீட்டை உள்ளூர்க் கிறித்தவ அமைப்புகள் 2,000 டாலரில் கட்டின. வீடு கிடைத்தவர்களின் வாழ்க்கையில் யார் கட்டினார்கள் என்பது ஒரு வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. போனவர்களின் வாழ்க்கையிலும் பெரிய மாற்றம் எதையும் அவர் காணவில்லை. அதற்கும் முன்பே, 1968இல், மெக்ஸிகோவுக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து இவான் இல்லிச் என்ற பாதிரியார் முகத்துக்கு நேரே பேசினார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள். அந்தப் பேச்சு இணையத்தில் கிடைக்கும். மாணவர்கள் தேடிப் படியுங்கள். நாங்கள் இங்கே எழுதியிருப்பதைவிடக் காரமாக இருக்கும்.

நம் குழுவின் கணக்கு: பதினான்கு பேர், தலைக்கு 45,000 என்றால் ஆறு லட்சத்து முப்பதாயிரம். மேற்கொண்டு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் போகவே கூடாதா? போங்கள். மலையகத்துக்கு நாம் போகத்தான் வேண்டும். இரண்டு கரையிலும் ஒரே சாதியால் மிதிபட்ட மக்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் யாருக்கு லாபம்? ஆனால் தயாரிப்பு வேறு மாதிரி இருக்க வேண்டும்.

தயாரிப்பைக் குறைந்தது ஆறு மாதம் வையுங்கள். பயணம் எத்தனை நாளோ அத்தனை நாள் குழு முழுதும் தன் சேகரத்துக்கு உட்பட்ட தலித் குடியிருப்பில் தங்கட்டும். பகலில் போய் பிஸ்கட் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது கணக்கில் சேராது. அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்குங்கள். மதுரை இறையியல் கல்லூரியில் பாடமும் பாட்டும் சொல்லிக் கொடுத்த தியோபிலஸ் அப்பாவு ஐயர், நம் பரட்டை, 'ஒரே உலை' என்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். எல்லோர் அரிசியும் ஒரே பானையில் வேகட்டும் என்றார். அவர் 2005இல் மறைந்துவிட்டார். அவர் பாட்டைப் பாடுகிற பல சபைகள் அந்த உலையை அடுப்பில் ஏற்றவே இல்லை. பத்து நாள் ஏற்றிப் பாருங்கள். குழுவில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மிஞ்சுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். டி-ஷர்ட் செலவும் குறையும்.

பணத்தைப் பொதுவில் வையுங்கள். கட்ட முடிந்தவர் கட்டி முடியாதவர் நிற்பது விசுவாசம் ஆகாது, வசூல். குழுவில் தலித் பிள்ளைகள் பறை தூக்க மட்டும் வர மாட்டார்கள். தலைமையிலும் இருப்பார்கள், பெண்களும் இருப்பார்கள். மலையக வரலாற்றைப் படிக்க வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை எழுதியதைப் படிக்காமல் அந்த மலையில் ஏற வெட்கப்பட வேண்டும். 'தோட்டக்காட்டான்' என்பது அங்கே வசைச்சொல் என்பதாவது விமானம் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டும். நமக்குப் 'பறை', 'பற' என்று பேசுகிறவனின் வாய் எப்படிக் கூசாதோ அப்படித்தான் அதுவும்.

சட்டத்தையும் கவனியுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் மதக்கூட்டம் நடத்துவது பல நாடுகளில் விசா மீறல். மாட்டிக்கொண்டால் நீங்கள் திருப்பி அனுப்பப்படுவீர்கள், உங்களை அழைத்த உள்ளூர்ச் சபை தொடர்ந்து அடி வாங்கும். நேபாளத்தில் 2018 முதல் நடப்பில் இருக்கும் தண்டனைச் சட்டப்படி மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை. அங்கே புதிதாகக் கிறித்தவர் ஆனவர்களில் ஏராளமானோர் தலித்துகள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். உங்கள் ஒரு படத்துக்காக யார் உள்ளே போவார்கள்? மருத்துவ முகாம் என்றால் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். காலாவதி நெருங்கிய மாத்திரைகளைப் பெட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவது ஊழியம் ஆகாது. படம் எடுக்கும் விஷயத்தில் எங்கள் நிலைப்பாடு ஒரே வரி: உங்கள் வீட்டுக் குளிக்காத பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவன் படமெடுத்துத் திரையில் போட நீங்கள் சம்மதித்தால் எடுங்கள்.

"தலித் கிறித்தவர் பிரச்சினையையும் ஊழியத்தையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். முடிச்சுப் போட்டது நாங்கள் இல்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி போட்டது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவராகவும் இஸ்லாமியராகவும் ஆன தலித்துகள் இன்னும் வெளியே. வேதமாணிக்கத்தின் வாரிசு ஞானஸ்நானம் வாங்கினால் பட்டியல் சாதி உரிமை போகும், வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும், சேரி மட்டும் போகாது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இதை மாற்றச் சொன்னது. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் நாம் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். அரசு கேட்கிறது: கிறித்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எப்படி உரிமை? அப்போது நம் பேராயர்களும் போதகர்களும் 'இருக்கிறது, எங்கள் சபையிலேயே இருக்கிறது' என்று எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால் கமிட்டியைத் திறக்க வேண்டும், கல்லறையைத் திறக்க வேண்டும், வேலை நியமனப் பட்டியலைத் திறக்க வேண்டும். அதைவிட நுவரெலியா சுலபம். குளிராகவும் இருக்கும்.

மார்த்தாண்டம் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஒருவரால் என்பதையும் ஓரமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக இங்கே கிராம மறுகட்டமைப்பு மையத்தை நடத்தினார். இன்று நீங்கள் சாலையோரத்தில் வாங்கும் மார்த்தாண்டம் தேனுக்குப் பின்னால் அந்தக் காலத்துத் தேனீப் பெட்டி இருக்கிறது. நிலத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் அவர் எவ்வளவு தூரம் பேசினார் என்று எங்களுக்கு விமர்சனம் உண்டு. ஆனால் அந்த மனிதர் வருடக்கணக்கில் இங்கேயே இருந்தார். தேனீ கொட்டும்வரையாவது இருக்க வேண்டாமா?

மாணவத் தோழர்களே, அடுத்த வாலிபர் கூட்டத்தில் பயண அறிவிப்பு வரும்போது எழுந்து நின்று கேளுங்கள். மலையகத்திலிருந்து நம்மை யார் அழைத்தார்கள்? அவர் பெயர் என்ன, அவர் லயத்தில் இருக்கிறவரா, தோட்டத்து பங்களாவில் இருக்கிறவரா? அவர் என்ன வேண்டும் என்று கேட்டார்? கடிதம் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால், அந்தப் பத்து நாள் விடுமுறையில் எங்களோடு மணலோடைக்கும் கீரிப்பாறைக்கும் வாருங்கள். பஸ் கட்டணம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பறையும் வரும், அதை அடிக்கிற தம்பியும் வருவான்.